பெண் பார்க்கப் போன கேமரா

போன மாதம், முன்பின் தெரியாத ஒரு வீட்டில் உட்கார்ந்து ஒரு தட்டு கேசரி சாப்பிட்டேன். முந்திரி தாராளமாகப் போட்ட, நெய் மினுக்கும் கேசரி. பிரச்சினை என்னவென்றால்... அது எனக்காகச் செய்த கேசரி இல்லை. பாதித் தட்டு காலியான பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் கேமரா.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி கொண்டுவந்து கொடுத்த டிஜிட்டல் கேமரா. அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இருந்தது ரோல் போடுகிற கேமரா. அதைக் கையில் எடுத்தாலே எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். "ரோலை வேஸ்ட் பண்ணாதே." மனிதர்களை எடுத்தால் போட்டோ. மரத்தை எடுத்தால் வேஸ்ட். சுவரை எடுத்தால் ரொம்ப வேஸ்ட். இப்போது? ரோலே கிடையாது! பிடிக்கவில்லையா, அழி. மறுபடி எடு. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு கோபம் உண்டு. எங்கள் சொந்தக்காரர்கள் ஊட்டிக்குப் போய்விட்டு வந்து ஆல்பம் காட்டுவார்கள். "இது பொட்டானிக்கல் கார்டன்" என்பார்கள். பார்த்தால் மச்சினர் நிற்பார். அவர் தோளுக்குப் பின்னால் ஓர் இலை தெரியும். அடுத்த படத்தில் அவர் மனைவி. காதுக்குப் பக்கத்தில் ஒரு ரோஜா... அதுவும் அரை ரோஜா. அவ்வளவு பெரிய தோட்டத்துக்குப் போய், அவ்வளவு பூவையும் மறைத்துக்கொண்டு நின்றுவிட்டு வந்திருக்கிறார்கள்! உங்கள் முகத்தைப் பார்க்க ஊட்டி எதற்கு? குரோம்பேட்டையிலேயே பார்க்கலாமே!

அதனால் நான் போகிற இடத்தில் எல்லாம் கத்துவேன். "பூவை மறைச்சுகிட்டு நிக்காதீங்க!" மைசூரில் கத்தியிருக்கிறேன். கொடைக்கானலில் யாரோ ஒரு புது ஜோடியைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். அந்தப் பெண் பயந்து நகர்ந்துவிட்டாள். படம் நன்றாக வந்தது.

காரைக்குடிக்குப் போனபோதுதான் விஷயம் முற்றியது. அங்கே ஒரு பெரிய வீட்டுக் கதவு. அந்தக் கதவில் செதுக்கியிருந்த கிளிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் வெயிலில் நின்று நின்று வெறுத்துப்போய்க் கேட்டார்.

"கதவைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? தாம்பரத்துல கதவே இல்லையா?"

கோபத்தில் கேட்டதுதான். ஆனால் திரும்பி வருகிற வழி முழுக்க அந்தக் கேள்வி என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நியாயம்தானே? இத்தனை வருஷமாகத் தாம்பரத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கத்து வீடுகளை ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்திருக்கிறேனா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னேன். சும்மா கேட்ட கேள்விக்கு அவர் இன்றுவரை பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

என்ன சொல்வது... புதையல்! குரோம்பேட்டையில் ஒருவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கால்பந்து மாதிரி கட்டி, கறுப்பு வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறார். திருநீர்மலை அடிவாரத்தில் ஒரு காம்பவுண்டுச் சுவர் முழுக்க உடைந்த பீங்கான் தட்டுகளைப் பதித்திருக்கிறார்கள். வெயில் பட்டால் கண் கூசுகிறது. பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்யும் ஒரு பாய் வீட்டில், மாடி ஜன்னல் எல்லாம் பச்சையும் ஊதாவுமாகக் கண்ணாடி. நான் தெருவில் நின்று எடுப்பதைப் பார்த்துவிட்டு அவரே இறங்கி வந்தார். "வெளிய நின்னு எடுத்தா பாதிதாம்மா கிடைக்கும். உள்ள வாங்க, தரையைப் பாருங்க" என்றார். தரை முழுக்க நிறம். அவர் பேரன் அதில் படுத்து உருண்டுகொண்டிருந்தான்.

எல்லோரும் அந்த பாய் மாதிரி இல்லை. கேமராவைத் தூக்கினாலே சந்தேகம். "ரோடு அகலம் பண்றாங்களா?" "பேங்க்லேர்ந்து வரீங்களா?" "பிளாட் கட்டறவங்களா நீங்க?" ஓர் அம்மா என் முகத்துக்கு நேராகவே திருஷ்டி சுற்றினாள். சும்மா பார்க்க நன்றாக இருக்கிறது என்று எடுத்தேன் என்றால் ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். தன் வீட்டை ஒருவர் சும்மா ரசிப்பார் என்பதை நம்ப அவ்வளவு கஷ்டமா?

சரி, கேசரிக்கு வருகிறேன்.

சேலையூரைத் தாண்டி ராஜகீழ்ப்பாக்கம் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெரு. இரண்டு பக்கமும் தீப்பெட்டி தீப்பெட்டியாக அடுக்குமாடி. ஒரே பிஸ்தா பச்சை. ஒரே கிரில் கேட். திட்டிக்கொண்டே போனேன். தெரு திரும்பியதும், "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் ஸ்கூட்டரோடு சாயப் பார்த்தார்.

எதிரே ஓர் எலக்ட்ரிக் ரயில் நின்றுகொண்டிருந்தது.

வீடுதான். ஆனால் வீட்டின் முகம் அச்சாக ரயிலின் முகம். இரண்டு பெரிய கண்ணாடி. நெற்றியில் ஹெட்லைட். பக்கவாட்டில் வரிசையாக ரயில் ஜன்னல், குறுக்கே கம்பியோடு. மஞ்சளும் பச்சையுமாகப் பெயின்ட். முன்னால் தோட்டம்... அது தோட்டம் இல்லை, பிளாட்பாரம்! சிமென்ட் பெஞ்ச். சிக்னல் கம்பத்தில் நீலச் சங்குப்பூக் கொடி உச்சிவரை ஏறிப் பூத்திருந்தது. மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்தில் மூன்று மொழியில் 'உமா இல்லம்'. ஸ்டேஷன் போர்டில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று கீழே சின்னதாகப் போட்டிருப்பார்களே, அதுகூட இருந்தது. எண் மட்டும் போடவில்லை. இடம் விட்டிருந்தது.

வண்டி முழுசாக நிற்பதற்குள் குதித்துவிட்டேன். சத்தியமாக.

எதிர்ப்பக்கம் மரத்தடியில் அயர்ன் வண்டி வைத்திருந்தவரிடம் கேட்டேன். "ஏம்ப்பா, இது யார் வீடு?"

அவ்வளவுதான் கேட்டேன். அவர் பெட்டியை ஓரமாக வைத்தார். என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டீங்களா மேடம்! சொக்கத் தங்கம் மேடம் அந்தக் குடும்பம். ஒரு வம்பு கெடையாது, தும்பு கெடையாது. பொண்ணு எம்.சி.ஏ. படிச்சிகீது. ஆபீசு போவும், வரும். தல நிமிராது."

"நான் வீட்டைப் பத்திக் கேட்டேன்ப்பா."

"வூடும் சொந்த வூடுதான் மேடம். லோனெல்லாம் கட்டி முட்ச்சிட்டாரு."

"இவரு என்ன, கேக்காததெல்லாம் சொல்றாரு?" என்று எங்கள் வீட்டுக்காரர் என் காதில் முணுமுணுத்தார். எனக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. வெயில் சாய்வதற்குள் எடுக்க வேண்டும். தெருவில் நின்று எடுத்தேன். குனிந்து எடுத்தேன். கேட் ஓரமாக முட்டி போட்டு, சங்குப்பூவுக்கு நடுவே ஹெட்லைட் தெரிகிற மாதிரி ஒரு படம்... அது வந்தபோது எழுந்து குதிக்கலாம் போல இருந்தது.

"உள்ள ஸ்கிரீன் அசையுது" என்றார் இவர். "பாக்கறாங்க. வா, திட்டு வாங்கறதுக்குள்ள போயிடலாம்."

அதற்குள் கதவு திறந்துவிட்டது. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டே ஒருவர் வேகமாக வந்தார். நான் சண்டைக்குத் தயாரானேன். அவர் கைகூப்பினார்.

"வாங்க, வாங்க. வெயில்ல ஏன் நிக்கறீங்க? உள்ள வாங்க மேடம். சார், வண்டியை நிழல்ல விடுங்க."

இப்படி ஒரு மரியாதை எனக்கு எந்த வீட்டு வாசலிலும் கிடைத்ததில்லை. உலகம் திருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவர் பெயர் தணிகாசலம். எலக்ட்ரிக் ரயில் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையிலேயே முக்கால்வாசி வாழ்க்கை. ஹாலில் மேலே பார்த்தேன். ரயிலில் நின்றுகொண்டு போகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதையும் எடுத்தேன். அவர் மனைவி விஜயா ஓடிவந்து துண்டை உருவிக்கொண்டு போனார்.

போனவர் தட்டோடு வந்தார். கேசரி. பின்னாலேயே வாழைக்காய் பஜ்ஜி.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா? நம் ஊரில் கேசரியும் பஜ்ஜியும் ஜோடியாக எப்போது வரும்? எனக்குப் புரியவில்லை. ரயில் சந்தோஷத்தில் இருந்தேன். சாப்பிட்டேன்.

தணிகாசலம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேடம், எடுத்த போட்டோவை யாருக்கும் காட்டிடாதீங்க. நாளைக்கு மேஸ்திரி வர்றார். முன்பக்கத்தை மொத்தமா இடிச்சு நேராக்கிடறோம். போர்டு, சிக்னல் எல்லாம் எடுத்துடறோம். எல்லா வீடும் மாதிரி ஆயிடும். அப்புறமா ஒரு தடவை வந்து எடுத்துக்குங்க."

பஜ்ஜி என் கையிலேயே நின்றுவிட்டது.

"இடிக்கப் போறீங்களா? எந்த மடையன் சொன்னான் இடிக்க?"

அவர் முகம் வெளுத்தது. விஜயா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க... உங்க வீட்லதானே சொன்னாங்க."

"எங்க வீட்லயா?" நான் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாயில் கேசரி. கையை மட்டும் ஆட்டினார், நான் சொல்லவில்லை என்று.

"நீங்க... மாப்பிள்ளைக்கு அத்தை இல்லையா?"

உள் அறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். ஒரு பெண் வெளியே வந்தாள். சுரிதாரும் கண்ணாடியுமாக இருபத்தைந்து வயது இருக்கும். தலை நன்றாக நிமிர்ந்துதான் இருந்தது. போர்டில் பெயர் இருக்கும் உமா.

"நான் அப்பவே சொன்னேன்லப்பா? பொண்ணு வீடு பாக்க வர்றவங்க யாராவது செடி முன்னாடி முட்டி போடுவாங்களா?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் ஒரு பையன். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் போட்டோவும் பிடித்துவிட்டது. வீடுதான் பிடிக்கவில்லை. 'கார்ட்டூன் மாதிரி இருக்காமே, இடிச்சு மாத்தச் சொல்லுங்க' என்று பையனின் அம்மா சொல்லியிருக்கிறார். யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் வந்து வீட்டைப் பார்ப்பார்கள் என்று தரகர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதற்கு முன் வந்த ஒரு வரனும் இந்த ரயிலால்தான் தட்டிப்போனது. அதனால் தெரு முழுக்க உஷார். அயர்ன் கடைக்காரருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் வேறு எடுத்திருக்கிறார்கள்.

"ஞாயித்துக்கிழமை தவறாம ரவை வறுக்கறேங்க" என்றார் விஜயா. பாதி அழுகை, பாதி சிரிப்பு. "வர்றவங்க வரவே இல்ல. நாங்களே தின்னு தின்னு..."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஊர் பூரா ஒரே அச்சுல டப்பா டப்பாவா கட்டி வெச்சிருக்கான். அவனையெல்லாம் விட்டுட்டு, அழகா கட்டின ஒரே ஆளு நீங்க, நீங்க இடிப்பீங்களா? அந்தம்மா யாருங்க உங்க வீட்டை இடிக்கச் சொல்ல?" என்று பஜ்ஜியை ஆட்டி ஆட்டிக் கத்தினேன்.

தணிகாசலம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்.

"உங்களுக்கு என்ன மேடம், போட்டோ எடுத்துட்டுப் போயிடுவீங்க. பொண்ணு இருக்கறது எங்க வீட்ல."

வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அடிக்கடி நடப்பதில்லை.

உமாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, எடுத்ததைக் காட்டுங்களேன்." கேமராவின் பின்பக்கம் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை. அதில் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். அவள் தோள் மேல் விஜயா எட்டிப் பார்த்தார். கடைசியில் தணிகாசலமும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தார். சங்குப்பூவுக்கு நடுவே ஹெட்லைட் வந்தது. தணிகாசலம் கேமராவைக் கையில் வாங்கினார்.

"எதிர்ல நின்னு பாத்தா இப்படியா தெரியுது?" என்றார் அவர். "நான் எப்பவும் உள்ள இருந்துதானே பாக்கறேன்."

உமா நிமிர்ந்தாள். "ஆன்ட்டி, இதையெல்லாம் எனக்கு மெயில் பண்ணுங்க. நான் அவருக்கு அனுப்பறேன்."

"யாருக்கு?"

"பெங்களூருக்குத்தான். அவங்கம்மா என்ன சொன்னாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அவர் என்ன சொல்றார்னு யாராவது கேட்டீங்களா?"

"வேண்டாம்மா" என்றார் தணிகாசலம். "இதுவும் போயிடும்."

"போகட்டும்ப்பா. வீட்டைப் பாத்துச் சிரிக்கறவங்க வீட்ல போய் நான் எப்படி இருப்பேன்? நாளைக்கு மேஸ்திரி வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு வாரம். பதில் வரலேன்னா நானே கடப்பாரை எடுத்துத் தரேன்."

அவர் ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலமே எங்கள் தெரு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். ஒவ்வொரு படமும் ஏறுவதற்குள் ஒரு யுகம். நடுவில் ஒரு தடவை கரன்ட் போனது. மின்சார வாரியத்தை வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்து கேபினில் இருந்த காட்டாங்குளத்தூர் காலேஜ் பையன் எழுந்து போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் போகிற வழியில் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லி எங்கள் வீட்டுக்காரரை அனுப்பினேன். செல்போனில் பேசினார்.

"மேஸ்திரி வந்திருக்கார்."

"ஐயோ! இடிச்சுட்டாங்களா?"

"இரு, இரு. பிளாட்பாரம் பெஞ்ச்ல உக்காந்து காபி சாப்பிட்டுக்கிட்டிருக்கார். கடப்பாரை சுவத்துல சாஞ்சு கெடக்கு. இடிக்கல."

எனக்கு மூச்சு வந்தது.

இரண்டு நாள் கழித்து உமாவிடமிருந்து போன். "பதில் வந்துடுச்சு ஆன்ட்டி! ஒரே ஒரு வரி. 'ஹெட்லைட் எரியுமா?'னு கேட்டிருக்கார்." சிரித்துக்கொண்டே பேசினாள், ஆனால் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. "ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வர்றாராம். நீங்களும் வாங்க. இந்தத் தடவை நிஜ மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாருன்னு அப்பாவுக்குக் குழப்பம் வராம இருக்கும்."

போனேன். விடுவேனா?

பையன் ஒல்லியாக, கூச்சமாக இருந்தான். கேட்டுக்குள் காலை வைத்ததும் பெண்ணைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து ஹெட்லைட்டைப் பார்த்தான். தணிகாசலம் உள்ளே போய் சுவிட்சைப் போட்டார். பட்டப்பகலில் ரயில் கண்ணைத் திறந்தது. அந்தப் பையன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... எடுத்து வைத்திருக்கிறேன்.

அவன் அம்மா சிரிக்கவில்லை. உதட்டை அழுத்திக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். கைப்பிடிகளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கேசரியைத் தொடவில்லை. விஜயாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பிறகு தோட்டத்துக்கு வந்தார். சிக்னல் கம்பத்துக்குப் பக்கத்தில் அடுக்கு நந்தியாவட்டைச் செடி ஒன்று இருந்தது. அதன் முன்னால் நின்றார். ஒரு பூவை விரலால் நிமிர்த்திப் பார்த்தார்.

"இது எங்க வாங்கினது?"

"வாங்கலைங்க. நானே கொம்பு ஊனி வளர்த்தது" என்றார் விஜயா.

"எனக்கு வெச்சா அடுக்கு வர மாட்டேங்குது. போறப்ப ஒரு கொம்பு ஒடிச்சுக் குடுங்க."

நான் விஜயாவைப் பார்த்தேன். விஜயா என்னைப் பார்த்தார். செடி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். பிடிக்காத வீட்டில் யாரும் கொம்பு கேட்க மாட்டார்கள். நட்டு, தண்ணீர் ஊற்றி, துளிர் விட்டால் தினமும் அந்த வீட்டை நினைக்க வேண்டுமே!

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கேசரி இரண்டாவது தட்டு போனது. தட்டு மாற்ற நாள் பார்த்தார்கள். கடல் மட்டத்திலிருந்து உயரம் ஏன் போடவில்லை என்று பையன் கேட்டான். "அளக்கணும் தம்பி" என்றார் தணிகாசலம். "பொய் எழுதக் கூடாதில்ல?" சேர்ந்து அளந்துவிடலாம் என்றான் பையன். எப்படி அளப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அது மாமனார் மருமகன் பாடு.

கடைசியாக குரூப் போட்டோ. பின்னால் ரயில், பக்கத்தில் சிக்னல், கொடி முழுக்க நீலப் பூ. பையன், உமா, இரண்டு பக்கத்துப் பெரியவர்கள். எல்லோரும் தலை வாரி, புடவை சரி செய்து, மூச்சைப் பிடித்து நின்றுவிட்டார்கள். கேமராவில் கண்ணை வைத்தேன்.

பையனின் அம்மா சரியாகக் கொடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு பூகூடத் தெரியவில்லை.

நான் என்ன செய்வேன்? பழக்கம். வாய் தானாகக் கத்திவிட்டது.

"பூவை மறைச்சுகிட்டு நிக்காதீங்க!"

அயர்ன் கடைக்காரர் பெட்டியைத் தூக்கிய கையோடு நின்றார். தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

அந்த அம்மா என்னை முறைத்தார். திரும்பிக் கொடியைப் பார்த்தார். ஒரு அடி தள்ளி நின்றார்.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது."

எடுத்தேன்.

கல்யாணம் ஆவணியில். வரச் சொல்லி உமா போன் பண்ணினாள். கேமராவும் வேண்டுமாம். ஒரே ஒரு நிபந்தனை... மேடை முழுக்கப் பூ அலங்காரம், வருகிறவர்கள் எல்லோரும் அதற்கு முன்னால்தான் நிற்பார்கள், நான் கத்தக் கூடாதாம்.

முயற்சி செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சத்தியம் எல்லாம் பண்ணவில்லை.